சபையில் உங்கள் வரத்தைக் கண்டறிந்து பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாலிபர் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து நிற்பார். “அண்ணே, எனக்குக் கர்த்தர் என்ன வரம் கொடுத்திருக்கார்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” உண்மையான ஏக்கத்தோடு கேட்கிற கேள்வி அது. சபைக்கு உதவும்படி கர்த்தர் கிருபையாய்க் கொடுக்கிற திறமையைத்தான் இங்கே வரம் என்கிறோம். எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த போதக வட்டாரம்) வாலிபரோடும், பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களோடும் பதினைந்து வருடமாக இதே கேள்வியோடு நடந்து வருகிறேன்.

இடறுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். வரத்தின் பெயரை முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அதற்கேற்ற வேலையைத் தேடலாம் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை வரிசை வேறு: முதலில் சபையின் தேவை, பிறகு ஒரு சின்ன வேலை, பிறகு மற்றவர்களின் சாட்சி, பெயர் கடைசியில். இந்தப் படிகளை முடிக்க நாலு மாதம் ஆகும். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

1. தொடங்குமுன் தேவையானவை

முதலாவது, ஒரு சபை. காலையில் ஒரு ஆலயம், மாலையில் ஒரு ஜெபவீடு, மாதக் கடைசியில் ஒரு கன்வென்ஷன் என்று போகிறவருக்கு இந்த வழி உதவாது. உங்கள் வரத்தை அடையாளம் காட்டப்போகிறவர்கள் உங்களோடு வாழ்கிற ஜனங்கள். ஆறு மாதமாவது உங்களைப் பார்த்திராத சபை உங்களைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

இரண்டாவது, ஒரு மூத்த விசுவாசி. சபைப் போதகரான ஐயராக இருக்கலாம், அவருக்கு உதவியாக ஊழியம் செய்கிற உபதேசியாராக இருக்கலாம், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காவாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவராக இருப்பது முக்கியம். ஆலயத்தில் எல்லாரும் நல்ல முகத்தோடுதான் இருக்கிறோம். தாயிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று பார்த்தவர்தான் உங்களுக்குச் சரியாக ஆலோசனை சொல்லமுடியும்.

மூன்றாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நாலாவது, யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 5:23-24) இதற்கும் பொருந்தும். சபையார் கண்ணில் உங்கள் வரத்துக்கு முன்னால் அந்தச் சண்டைதான் படும்.

2. ‘வரம்’ என்ற வார்த்தையைச் சரிப்படுத்துங்கள்

தமிழ்க் காதுக்கு ‘வரம்’ என்றால் தவம் இருந்து வாங்குவது. வாங்கியவருக்கே சொந்தம், விரும்பினபடி பயன்படுத்தலாம். கதைகளில் கேட்டுக் கேட்டு அது நமக்குள் ஊறியிருக்கிறது. அதனால்தான் நாற்பது நாள் உபவாசம் இருந்தால் பெரிய வரம் கிடைக்கும் என்ற எண்ணம் நம் வாலிபர்களிடம் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

பவுல் எழுதின கிரேக்கச் சொல் ‘கரிஸ்மா’. அது ‘கரிஸ்’, அதாவது கிருபை என்ற சொல்லிலிருந்து வந்தது. சம்பாதிக்காமல் கிடைத்தது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உபவாசம் நல்லது. ஆனால் அதை வரத்துக்கு விலையாக வைக்க முடியாது.

பேதுரு இதற்கு அருமையான படம் ஒன்று தருகிறார். பெற்ற வரத்தின்படியே ‘நல்ல உக்கிராணக்காரர்போல’ ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள் என்கிறார் (1 பேதுரு 4:10). கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை வைத்திருக்கிறவரை நினைத்துப் பாருங்கள். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அவருடையவை அல்ல. சமையலுக்குத் தேவையானபோது தேவையான அளவு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் பந்தி நின்றுபோகும், தன் வீட்டுக்கு எடுத்துப்போனாலும் நின்றுபோகும்.

இன்னும் இரண்டு வேறுபாடுகள். வரம் வேறு, ஆவியின் கனி வேறு (கலாத்தியர் 5:22-23). கொரிந்து சபை யாதொரு வரத்திலும் குறைவில்லாத சபை (1 கொரிந்தியர் 1:7). அதே சபையில் பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும் இருந்தன (3:3). நன்றாகப் பிரசங்கிக்கிறார் என்பதற்காக ஒருவருடைய நடத்தையைக் கேட்காமல் விடக்கூடாது. அதுபோல வரம் வேறு, பதவி வேறு. கமிட்டித் தேர்தலில் ஜெயித்தவருக்கு நிர்வாக வரம் வந்துவிடாது. தோற்றவரிடமிருந்து அது போய்விடுவதும் இல்லை.

3. வேதபகுதிகளை ஒரே மூச்சில் வாசியுங்கள்

ரோமர் 12:3-8, 1 கொரிந்தியர் 12 முதல் 14 வரை, எபேசியர் 4:7-16, 1 பேதுரு 4:7-11. ஒரு நாள் மாலையில் உட்கார்ந்து சேர்த்து வாசித்தால் ஒன்று தெரியும்: பட்டியல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ரோமரில் இருக்கிற சில கொரிந்தியரில் இல்லை, கொரிந்தியரில் இருக்கிற பல பேதுருவில் இல்லை. ஆகவே இவற்றை முழுப் பட்டியல் என்று வைத்துக்கொண்டு உங்கள் பெயரைத் தேடாதீர்கள். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலுக்குத் தேவ ஆவி கொடுத்தது கைவேலைத் திறமை (யாத்திராகமம் 31:2-5). தொற்காள் என்ற சீஷி மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டே காட்டினது அவள் செய்துகொடுத்த உடைகளை (அப்போஸ்தலர் 9:39).

பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கிறவர்கள் மூன்று இடங்களில் வழக்கமாகத் தவறுகிறார்கள்.

ரோமர் 12:8-இல் ‘முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்’ என்று இருக்கிறது. இன்றைய வழக்கில் முதலாளி என்றால் கடைக்காரர். அங்கே சொல்லப்படுவது முன்னின்று நடத்துகிறவர். பணம் இருக்கிறவருக்கான வசனம் அது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1 கொரிந்தியர் 12:28-இல் ‘ஆளுகைகள்’ என்பதைப் படித்தால் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. மூலச்சொல் கப்பலைச் செலுத்துவதைக் குறிப்பது. அப்போஸ்தலர் 27:11-இல் ‘மாலுமி’ என்று வருகிறவரின் பெயர் அதே வேரிலிருந்து வந்தது. கப்பல் பாறையில் மோதாமல் பார்த்துக்கொள்கிறவருடைய திறமை அது.

மூன்றாவது எல்லாவற்றிலும் முக்கியமானது. 1 கொரிந்தியர் 12:7 ‘அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று’ என்று இருப்பதால், வரம் எனக்குப் பிரயோஜனம் தருவதற்காக என்று தோன்றும். பின்னால் வந்த மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதைப் ‘பொது நன்மை’ என்று மொழிபெயர்க்கிறது. அந்த அதிகாரம் முழுவதும் சரீரத்தின் அவயவங்களைப் பற்றிப் பேசுவதோடு அதுதான் பொருந்துகிறது. கண் தனக்காகப் பார்ப்பதில்லை.

அந்நியபாஷை (கற்காத பாஷையில் ஆவியினால் பேசுவது), தீர்க்கதரிசனம், குணமாக்கும் வரம் இவற்றைப் பற்றிச் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் ஒருவிதமாகவும், தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், கத்தோலிக்க சபைகள் வெவ்வேறு விதமாகவும் இவற்றை நடத்துகின்றன. உங்கள் சபையின் ஒழுங்குக்குள் நில்லுங்கள். எந்தச் சபையாக இருந்தாலும் 1 கொரிந்தியர் 14:26-40 பொது. அர்த்தம் சொல்லி வியாக்கியானம் பண்ணுகிறவர் இல்லாவிட்டால் அந்நியபாஷைக்காரர் சபையில் பேசாமல் இருக்கவேண்டும், தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கவேண்டும், எல்லாம் கிரமமாய் நடக்கவேண்டும்.

4. நாலு ஞாயிறு சும்மா பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னால் வாருங்கள், முடிந்த பிறகு அரைமணி நேரம் இருங்கள். ஒன்றும் செய்யவேண்டாம், பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

யார் தனியாக வந்து தனியாகப் போகிறார்? எந்தப் பாட்டியம்மா படியேறக் கஷ்டப்படுகிறார்? ஓய்வுநாள் பாடசாலையில் எந்த வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை? காது கேளாதவர் பிரசங்க நேரத்தில் என்ன செய்கிறார்? கணவர் வேறு மார்க்கத்தவராக இருக்கிற சகோதரி பிள்ளைகளோடு எப்படி வந்துசேர்கிறார்? போன மாதம் துக்கம் நடந்த வீட்டுக்கு இந்த மாதம் யாராவது போனார்களா?

ஏன் இப்படி? எருசலேம் சபையில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததற்கு முன்னால் ஒரு முறுமுறுப்பு இருந்தது. கிரேக்க பாஷை பேசின விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவு உதவியில், கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 6:1). அந்தக் குறையைப் பார்த்துத்தான் ஆட்களைத் தேடினார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் பிலிப்பு. பந்தி விசாரிக்கப் போனவர் சமாரியாவில் பிரசங்கித்தார், பல வருடத்துக்குப் பிறகு அவரைச் ‘சுவிசேஷகன்’ என்று சொல்லுகிறது வேதம் (21:8). பந்தி விசாரிக்க அவர் மறுத்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நாலாவது ஞாயிறு முடிந்ததும் நோட்டைப் பாருங்கள். சிலர் நோட்டில் பாதிக்குமேல் வயதானவர்களும் நோயாளிகளும் இருப்பார்கள். சிலருடையதில் எல்லாம் ஒழுங்கின்மை: நேரம் தவறியது, மைக் வேலை செய்யாதது, அறிவிப்பு இரண்டுமுறை வந்தது. சிலர் பிரசங்கத்தில் வசனம் தவறாக விளக்கப்பட்டதை மட்டும் எழுதியிருப்பார்கள். நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்பதே முதல் தடயம். ஆனால் தடயத்தோடு நின்றுவிடக்கூடாது. குறையைப் பார்ப்பது எல்லாராலும் முடியும். அதைச் சுமப்பவர் யார் என்பது அடுத்த படியில்தான் தெரியும்.

5. ஒரு வேலையை எட்டு வாரத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்

நோட்டிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐயரிடம் போங்கள். இப்படிக் கேளுங்கள்: “ஐயா, இந்த ரெண்டு மாசம் நான் இந்த வேலையைச் செய்து பார்க்கட்டுமா? அதுக்கப்புறம் தொடரணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க.” எட்டு வாரம் என்று எல்லை வைப்பதற்குக் காரணம் உண்டு. எல்லை இல்லாமல் ஏற்றுக்கொண்டால், பொருந்தாவிட்டாலும் வெட்கத்தால் விடமாட்டீர்கள், சபையும் சங்கடத்தால் மாற்றாது. இரண்டு வாரம் போதாது, ஏனென்றால் முதல் உற்சாகம் அடங்க மூன்று வாரம் ஆகும்.

முதல் வேலை சின்னதாக இருக்கட்டும், மேடையில்லாததாக இருக்கட்டும். நூதன சீஷனை, அதாவது புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவனை, சபையை நடத்தும் கண்காணியாக வைக்கக்கூடாது, இறுமாப்படைவான் என்று பவுல் எச்சரிக்கிறார் (1 தீமோத்தேயு 3:6). உதவிக்காரர்களையும் முதலில் சோதிக்கச் சொல்கிறார் (3:10). மேடை இல்லாத இடத்தில் கைதட்டலும் இல்லை, அதனால் எது வரம், எது ஆசை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

எங்கள் வாலிபர் ஒருவருக்குப் பிரசங்கியாக வேண்டும் என்று பெரிய ஆசை. வாலிபர் கூட்டத்தில் பேசவும் விட்டோம். நன்றாகத் தயாரித்து வந்தார், ஆனால் பத்து நிமிடத்தில் எல்லாரும் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வருடம் அசனத்துக்கு (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) பந்தி விசாரிக்க ஆள் போதாமல் அவரையும் சேர்த்தோம். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது என் காதில் வந்து சொன்னார்: “அண்ணே, நாலாம் பந்திக்கு இலை காணாது. வாசல்ல நிக்கிறவங்களை எண்ணிட்டேன். இப்பவே ஆள் அனுப்பினா சரியா இருக்கும்.” யாரும் எண்ணச் சொல்லவில்லை. சாம்பார் வாளி எந்த வரிசையில் தீரப்போகிறது, எந்தப் பெரியவர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் அவர் கண்ணில் இருந்தது. அடுத்த கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளியை அவரிடம் ஒப்படைத்தோம். பத்து நாளும் ஒரு பிள்ளைகூட வீடு திரும்ப வாகனம் இல்லாமல் நின்றதில்லை. மாலுமியின் வரம் என்று நான் படித்ததைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

இதற்கு எதிரான ஒன்றும் என் கையால் நடந்தது. நன்றாகப் பாடுகிற ஒரு தங்கையைச் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆசிரியையாகப் போட்டேன். ஆள் இல்லை என்பது மட்டுமே காரணம். எல்லையும் வைக்கவில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் அழுதது எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் பாடகர் குழுவுக்கு வருவதையும் விட்டுவிட்டாள். அவளுடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காலியிடத்தை நிரப்புவது வேறு, தேவையைச் சந்திப்பது வேறு என்று அன்று கற்றுக்கொண்டேன்.

பொருந்தவில்லை என்றால் அடுத்த எட்டு வாரம் வேறு ஒன்று. ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம், எது களைப்பாக்கியது என்று தெரியாது.

6. வாரம் மூன்று வரி எழுதுங்கள்

என்ன செய்தேன். யாருக்கு என்ன பயன் கிடைத்தது. முடித்தபோது எனக்குள் என்ன இருந்தது. களைப்பு வருவது இயல்பு, வரம் உள்ள வேலையும் களைப்பாக்கும். களைத்த பிறகும் அடுத்த வாரத்துக்கு மனம் திட்டம் போடுகிறதா என்று பாருங்கள்.

7. மற்றவர்களைக் கேளுங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள்

நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராகக் குறை சொல்லமாட்டார்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு தம்பி, கர்த்தர் உங்களை இன்னும் பயன்படுத்துவார்” என்பார்கள். அதை நம்பி வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய், பிறகு கஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். “நான் சொன்னதில் உங்களுக்கு எது நினைவிருக்கு?” “அடுத்த முறை எதை விட்டுடணும்?” “இந்த வேலைக்கு என்னைவிட யாரைப் போட்டா நல்லா இருக்கும்?” கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் உடனே வந்தால் அது உங்களுக்குக் கிடைத்த நேர்மையான பதில். அந்தப் பெயருக்குரியவரை நீங்களே போய் அழைத்துவாருங்கள்.

மூன்று பேரைக் கேளுங்கள்: நீங்கள் சேவித்தவர்களில் ஒருவர், உங்களோடு வேலைசெய்தவர் ஒருவர், முதல் படியில் சொன்ன மூத்த விசுவாசி. சொந்த வீட்டாரைக் கடைசியாகக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காமலே வருகிற சாட்சிக்கு அதிக எடை உண்டு. துக்க வீட்டில் யாரோ ஒருவர் “அந்தத் தம்பி வந்தா நல்லா இருக்கும், கூப்பிடுங்க” என்கிறாரா? அதுதான் சாட்சி. பிறகு பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலுக்குச் சீஷர்கள் எல்லாரும் பயந்தபோது அவரைச் சேர்த்துக்கொண்டது பர்னபா. பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகினபோது தர்சுவுக்குப் போய் அவரைத் தேடி அழைத்துவந்ததும் பர்னபாதான் (அப்போஸ்தலர் 9:27, 11:25-26). பவுலுக்கே ஒரு பர்னபா தேவைப்பட்டது.

8. இப்போது பெயர் வையுங்கள், பயிற்சி எடுங்கள்

மூன்று பேர் சொன்னதும் உங்கள் நோட்டும் ஒரே பக்கம் காட்டினால், மூத்த விசுவாசியோடு உட்கார்ந்து ஜெபித்து, “போதிப்பது”, “இரக்கஞ்செய்வது”, “நடத்துவது” என்று எளிய வினைச்சொல்லாக எழுதுங்கள். ‘தீர்க்கதரிசி’, ‘அப்போஸ்தலர்’ என்று பட்டமாக எழுதாதீர்கள். வினைச்சொல் வேலைக்கு அனுப்பும், பட்டம் நாற்காலி தேடும்.

வரம் இருந்தால் பயிற்சி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. தீமோத்தேயுவுக்குத் தேவவரம் இருந்தது, அதை அனல்மூட்டி எழுப்பிவிடச் சொல்கிறார் பவுல் (2 தீமோத்தேயு 1:6). அடுப்பில் கங்கு இருக்கிறது, ஊதவேண்டியது அவர். அப்பொல்லோ சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர். அவரையும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியர் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்தார்கள் (அப்போஸ்தலர் 18:24-26).

பயிற்சி என்றால் பெரும்பாலும் நன்றாகச் செய்கிறவர் பக்கத்தில் நிற்பதுதான். எங்கள் சபையில் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகிற அக்கா ஒருவர் உண்டு. ஒருமுறை கூடப் போனேன். நாங்கள் எல்லாரும் கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக நிற்போம். அவர் ஸ்டூலைத் தலைமாட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நோயாளி கழுத்தைத் திருப்பாமலே முகம் தெரியும்படி. “ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேட்டார். பதில் வரும்வரை பேசவில்லை. ஜெபம் மூன்றே வாக்கியம், தாழ்ந்த குரலில். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். போகும்போது தண்ணீர் பாட்டிலை எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்தார். இதை எந்தக் கருத்தரங்கிலும் நான் கற்றதில்லை.

9. மீறக்கூடாத எல்லைகள்

வியாதியஸ்தருக்காக ஜெபியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை, எந்த வரமும் அதைத் தருவதில்லை.

காணிக்கைப் பணத்தைத் தனியாக எண்ணாதீர்கள். எப்போதும் இரண்டு பேர், அங்கேயே எழுதிக் கையெழுத்து. தர்மப்பணத்தைக் கொண்டுபோனபோது பவுலே கூட ஆள் வைத்துக்கொண்டார், மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்கவேண்டும் என்று காரணமும் சொன்னார் (2 கொரிந்தியர் 8:19-21).

பிள்ளைகளோடு ஊழியம் செய்கிறவர்கள் மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. யார்மேலும் சந்தேகத்தால் சொல்வதல்ல இது. பிள்ளையின் பாதுகாப்பு எல்லாருக்கும் முன்னால் வருகிறது.

இன்னாரைத்தான் கல்யாணம் செய்யவேண்டும், இந்த நிலத்தை விற்கவேண்டும் என்று ‘கர்த்தர் சொன்னார்’ என்ற முத்திரையோடு யாரிடமும் சொல்லாதீர்கள். மனதில் ஒன்று பட்டால் மூத்தவர்களிடம் சொல்லி நிதானிக்க விடுங்கள். இதனால் உடைந்த குடும்பங்கள் உண்டு, அந்த வீடுகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டைத் தவிக்கவிட்டு ஊழியத்துக்கு ஓடுவதும் இந்த வரிசையில் சேரும்.

10. முதல் வருடத்திலேயே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கேட்டவைகளை உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவி, அவர்கள் மற்றவர்களைப் போதிப்பார்கள் என்கிறார் பவுல் (2 தீமோத்தேயு 2:2). பத்து வருடம் கழித்துச் செய்யலாம் என்று தள்ளினால், அதற்குள் வேலை ‘என் ஊழியம்’ ஆகிவிடும், கைவிடுவது கஷ்டம். ஊரை விட்டு மாற்றலாகிப் போனாலோ, நோயில் படுத்தாலோ, அந்த வகுப்பும் அந்தச் சந்திப்பும் நின்றுபோகும்.

மூன்று கட்டம் போதும். அவர் பார்க்க நீங்கள் செய்வது, நீங்கள் பக்கத்தில் இருக்க அவர் செய்வது, நீங்கள் வராமல் இருப்பது. மூன்றாவதை எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த அக்கா இப்போது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணைக் கூட்டிப்போகிறார். முதல் மூன்று தடவை பிளாஸ்க் தூக்கிவருவது மட்டும்தான் அவள் வேலை. நாலாவது தடவை வார்டுக்குள் நுழைந்ததும் அக்கா கதவுப் பக்கம் நின்றுகொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டது அந்தப் பெண்.